நாற்காலி ஒருத்தருக்கு, ஆபத்து எல்லாருக்கும்!



டி.வி.யில் வரும் ராஜா ராணி மாயாஜாலக் கதைகள் எனக்கு ரொம்பப் பிடிக்கும். 2011 முதல் 2019 வரை வந்த 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' என்ற ஆங்கிலத் தொடரின் கதையை எங்க பெரியம்மா வீட்டு அக்கா சொன்னாங்க. ஒரு இரும்புச் சிம்மாசனத்துக்காகப் பல குடும்பங்கள் வெட்டிக்கொண்டு சாகின்றன. வடக்கே பெரிய மதிலுக்கு அந்தப் பக்கம் செத்தவர்களின் படை கிளம்பி வருகிறது. சொன்னால் யாரும் நம்பவில்லை. அந்தப் படைக்கு யார் ராஜா என்ற கவலையே கிடையாது. எல்லாரையும் அழிக்கும்.

இது வெறும் கதை என்று நினைக்காதீர்கள். நம் தமிழ்நாட்டிலேயே நடந்திருக்கிறது. 1310-ல் குலசேகர பாண்டியன் இறந்ததும் அவர் பிள்ளைகள் சுந்தர பாண்டியனும் வீர பாண்டியனும் பட்டத்துக்குச் சண்டை போட்டார்கள். 1311-ல் தில்லி சுல்தானின் தளபதி மாலிக் கபூர் படையோடு வந்து, யானைகளையும் பொன்னையும் அள்ளிக்கொண்டு போனார். அப்பவாவது அண்ணன் தம்பி சேர்ந்தார்களா? இல்லை. கொல்லத்து ராஜா ரவிவர்மன் நம்ம காஞ்சிபுரம் வரைக்கும் வந்து, வேகவதி ஆற்றங்கரையில் முடி சூட்டிக்கொண்டார். வரதராஜப் பெருமாள் கோயிலில் அவர் கல்வெட்டு இருக்கிறது. 1323-ல் தில்லிப் படை மறுபடியும் வந்தது. மதுரையே போய்விட்டது. எந்தப் பட்டத்துக்கு அடித்துக்கொண்டார்களோ அந்தப் பட்டமே இல்லை!

இப்போது எங்க தெருவுக்கு வருகிறேன். எல்லாம் பட்டுத் தறி வீடுகள். கரை போட்ட சேலை உள்பட 11 ரகங்களைக் கைத்தறியில்தான் நெய்யணும் என்று சட்டமே இருக்கிறது. 1985-ல் வந்த சட்டம். ஆனாலும் விசைத்தறிச் சேலையைக் கைத்தறி என்று சொல்லி விற்கிறார்கள். அப்பாவும் அம்மாவும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து நாள் கணக்கில் நாடா போட்டு நெய்கிற சேலைக்கு, அந்த விலையோடு போட்டி போட முடியுமா?

இதைக் கேட்க வேண்டியவர்கள் சங்கத் தேர்தலில் ரெண்டு கோஷ்டி ஆகிவிட்டார்கள். தெருவில் பாவு விரிக்க நாலு பேர் கை வேண்டும். எதிர்வீட்டு மாமா இப்போது வருவதில்லை. எங்க அப்பாவும் அவங்க பாவுக்குப் போவதில்லை. போன வருஷம் ரெண்டு வீட்டில் தறி நின்றுபோச்சு. ஒன்று இந்தக் கோஷ்டி, இன்னொன்று அந்தக் கோஷ்டி.

ஊர் ரெண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பார்கள். தேர்தலில் போட்டி போடட்டும், தப்பில்லை. யார் தலைவர் ஆனாலும் தலைவராய் இருக்கத் தறி மிச்சம் இருக்கணுமே! பெரியவர்கள் பேசாவிட்டால் என்ன, எதிர்வீட்டுப் பிள்ளையோடு நாம் பேசலாம் அல்லவா? யோசித்துப் பாருங்கள் தோழிகளே!

– ஒன்பதாம் வகுப்பு மாணவி