கொஸ்லந்தை வழியில்: பழைய விமானமும் பழைய மலையும்

ஊவா மாகாணத்தின் தென்சரிவிலே, மலைநாடு முடிந்து சமவெளி தொடங்கும் விளிம்பில் அமைந்த சிற்றூர் கொஸ்லந்தை. அப்புத்தளையிலிருந்து பெரகலைச் சந்திக்கு இறங்கிக் கிழக்கே வெல்லவாயச் சாலையில் திரும்பினால், ஒருபுறம் மலைச்சரிவும் மறுபுறம் ஆழ்ந்த பள்ளமுமாக வழி வளைந்து செல்கிறது. ஊரைக் கடந்து சில மைல் சென்றால், ஏறத்தாழ 220 மீற்றர் உயரத்திலிருந்து விழும் தியலும நீர்வீழ்ச்சியைச் சாலையில் நின்றே கண்டு மகிழலாம்.

சென்ற விடுமுறையில் மாணவர் சிலருடன் நாம் இவ்வழியே பிரயாணஞ் செய்தோம். பெரகலையில் மூடுபனி கவிந்தமையால் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டுத் தேநீர்க் கடையொன்றில் தங்க நேர்ந்தது. வண்டி சாரதியின் சொந்தம், பழையதாக வாங்கியது. "வர்ணத்தைப் பார்த்து வாங்கவில்லை, ஐயா. அடியிலே படுத்துத் துருவைத் தட்டிப் பார்த்துத்தான் காசைக் கொடுத்தேன்" என்றார் அவர்.

உடனே ஒரு மாணவன், "சேர், பழைய விமானத்தையும் இப்படி வாங்குவார்களா? வாங்குமுன் எதைப் பார்ப்பார்கள்?" என்று கேட்டான். மற்றவர்கள் நகைத்தனர். ஆயினும் கேள்வி நகைப்புக்குரியதன்று. நன்கு பேணப்பட்ட சிறு விமானங்கள் அரை நூற்றாண்டு கடந்தும் பறப்பதுண்டு. 1932 அக்டோபர் 15 ஆம் நாள் ஜே. ஆர். டி. டாட்டா கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபால் கொணர்ந்தது 'பஸ் மொத்' என்னும் சிறு விமானத்தில். அதன் ஐம்பதாம் ஆண்டு நிறைவில், 1982 இல், தமது 78 ஆம் வயதில், அதே காலத்தைச் சேர்ந்த 'லெப்பர்ட் மொத்' விமானத்தில் அவ்வழியே அவர் மீண்டும் பறந்தார். நமது இரத்மலானையில் 1935 நவம்பர் 27 ஆம் நாள் முதன்முதலாக வந்திறங்கியதும் ஒரு பஸ் மொத்தே. அதனைச் செலுத்தி வந்தவர் சென்னைப் பறப்புக் கழகத்தின் தலைமைப் பயிற்றாசிரியர் டின்டேல் பிஸ்கோ.

இத்தகைய விமானத்தை வாங்க எண்ணுபவர் முதலில் பார்க்க வேண்டியது அதன் பதிவேடுகளை. உடலுக்கும் யந்திரத்துக்கும் தனித்தனிப் பதிவேடு உண்டு. எத்தனை மணி நேரம் பறந்தது, எப்போது பழுது பார்க்கப்பட்டது, என்னென்ன மாற்றங்கள் செய்யப்பட்டன என்பன யாவும் அவற்றில் இருத்தல் வேண்டும். இடையே சில ஆண்டுகளுக்குக் குறிப்பே இல்லையெனின், அவ்வாண்டுகளில் விமானம் எங்கே கிடந்தது என்று கேட்பது முறை. குறைவாகப் பறந்தது என்பதனால் அது நல்ல நிலையில் உள்ளதென்று கொள்ளலாகாது. ஈரக் கொட்டகையில் ஓடாது கிடந்த யந்திரம் உள்ளேயே துருப்பிடித்துவிடும்.

மாற்றங்கள் இருவகைப்படும். ஒன்று, உரிமையாளர் தம் விருப்பப்படி செய்தவை. புதிய வானொலியோ, பெரிய எரிபொருட் கலமோ, வேறு யந்திரமோ பொருத்தினால் எடையும் சமநிலையும் மாறும். அதிகாரிகளின் ஒப்புதலும், மீண்டும் நிறுத்துப் பார்த்த கணக்கும் பதிவேட்டில் இருக்க வேண்டும். மற்றொன்று, விபத்துக்களின் பின் கட்டாயமாக்கப்பட்டவை. 1930 ஐ ஒட்டிய ஆண்டுகளில் பஸ் மொத் விமானங்கள் சில வானிலேயே சிறகு முறிந்து வீழ்ந்தன. ஆராய்ந்தவர்கள் சிறகின் தாங்குகோலை வலுப்படுத்த ஒரு சிறு துணைக்கோலைப் பொருத்தச் செய்தனர். அச்சிறு துணைக்கோலுக்குப் பின்னால் பல உயிர்களின் விலை இருக்கிறது.

அடுத்து உடலைச் சோதிக்க வேண்டும். துணிப்போர்வை இற்றுப்போயிருக்கிறதா? சிறகினுள் ஓடும் மர உத்தரங்களின் பசைப் பொருத்துக்கள் விலகினவா? நீர் வடியும் துளைகள் அடைபட்டு ஈரம் தேங்கியதா? இரும்புக் குழாய்கள் உள்ளே துருப்பிடித்தனவா? வடங்கள் கப்பிகளில் உராய்ந்து நைந்தனவா? எண்ணெய் வடிகட்டியில் உலோகத் துகள் உண்டா? இவற்றை விற்பவரின் ஆளல்லாத தேர்ந்த பொறியியலாளரைக் கொண்டே பார்ப்பிக்க வேண்டும். பறந்து பார்ப்பது எல்லாவற்றிற்கும் பின்னரே. நம் வண்டியைப் போலப் பனியில் ஓரமாக நிறுத்தி வைக்க, நடுவானில் இடமில்லை அன்றோ?

பதிவேடு மட்டும் போதுமா என்றால், போதாது. 2013 டிசம்பரில் அவுஸ்திரேலியாவில் 'டைகர் மொத்' ஒன்று சிறகு கழன்று கடலில் வீழ்ந்து இருவர் மாண்டனர். கீழ்ச்சிறகுகளை உடலோடு பிணைக்கும் உருக்குக் கம்பிகள் இரண்டும் மரையிட்ட இடத்தில் முன்னமே வெடித்திருந்தமை பின்னர் தெரிந்தது. அவை மூல உற்பத்தியாளர் செய்தவையல்ல. அங்கீகாரம் பெற்ற மாற்றுப் பாகங்கள். விதித்த ஆயுட்காலம் முடியுமுன்னரே அவை முறிந்தன. எழுத்தும் பொருளும் ஒத்திருக்கின்றனவா என்று கண் திறந்து பார்ப்பவர் எப்போதும் தேவை.

பனி விலகியது. கொஸ்லந்தையை அடைந்ததும் மீரியபெத்தை மலைச்சரிவை மாணவருக்குக் காட்டினோம். 2014 அக்டோபர் 29 ஆம் நாட் காலை, பெருமழையில் அம்மலை சரிந்து தோட்டத் தொழிலாளரின் லயங்களை மூடியது. பாடசாலைக்குச் சென்றிருந்த பிள்ளைகளுட் சிலர் பெற்றோரையும் வீட்டையும் ஒருங்கே இழந்தனர். அவ்விடம் ஆபத்தானது, மக்களை அகற்ற வேண்டும் என்று தேசியக் கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் 2005 இலும் 2011 இலும் எச்சரித்திருந்தது. பரிசோதனை நடந்தது, குறை கண்டெழுதப்பட்டது. கட்டாயத் திருத்தம் மட்டும் பொருத்தப்படவில்லை.

"அப்படியானால் ஏன் அங்கே இருந்தார்கள்?" என்று கேட்டான் அதே மாணவன். விமானம் வாங்கச் செல்பவர் குறையைக் கண்டால் வேண்டாமென்று திரும்பிவிடலாம். லயத்தில் பிறந்தவருக்கு அவ்வாறு திரும்பிச் செல்ல வேறு நிலமில்லை, வீடும் அவருடையதன்று. ஆகவே அவர்பொருட்டுக் குறை கண்டவர்களும், கண்டதைக் கேட்டவர்களும், மாற்று நிலமும் வீடும் கைக்கு வருமளவும் ஓய்தல் தகாது.

மலைச்சரிவில் வாழும் குடும்பத்தினர் தாமே பார்க்கக்கூடிய அடையாளங்களும் சில உள. நிலத்திலோ சுவரிலோ புதிதாகத் தோன்றும் வெடிப்பு, சாயத் தொடங்கும் மரம், முன்பு இல்லாத இடத்தில் கசியும் ஊற்று, தெளிந்திருந்த நீர் திடீரெனச் சேறாக வருதல் ஆகியவை அவை. மழை நாளில் இவற்றுள் ஒன்றைக் கண்டாலும் பொருட்களை எடுக்கத் தாமதியாது, பிள்ளைகளையும் முதியோரையும் அழைத்துக்கொண்டு அச்சரிவை விட்டு நீங்குதல் வேண்டும்.