தெரியலை டீச்சர்

போன மாதம் முழுக்க இந்தப் பக்கமே ஆளைக் காணோம் என்று மதுரையிலிருந்து சித்தி மகள் போன் போட்டுக் கேட்டாள். உடம்புக்கு ஒன்றுமில்லை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தத்துவம் படிக்கப் போய்க்கொண்டிருக்கிறேன். சிரிக்காதீர்கள்.

இழுத்துவிட்டது என்னிடம் படித்தவன்தான். இங்கே கோவில்பட்டியில் மெடிக்கல் வைத்திருக்கிறான். பிரஷர் மாத்திரை வாங்கப் போன இடத்தில், "டீச்சர், ஞாயித்துக்கிழமை சும்மாதான இருக்கீங்க, வாங்க. ஆளுக்கு ரெண்டு பக்கம் வாசிப்போம், அப்புறம் பேசுவோம், அம்புட்டுதான்" என்றான். ஒரு டியூஷன் சென்டரின் மாடி. பத்துப் பன்னிரண்டு பேர் வருவார்கள். ஓய்வு பெற்ற கல்லூரிப் பேராசிரியர் ஒருவர், ஒரு வக்கீல், எல்.ஐ.சி. ஏஜெண்ட், ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்ற அண்ணாச்சி, காலேஜ் படிக்கிற இரண்டு பெண் பிள்ளைகள். நடுவில் டீயும் கடலை மிட்டாயும் வரும். (முட்டி வலிக்கு அந்த மாடிப்படி ஆகாது என்று மருமகள் சொல்வது சரிதான். ஆனாலும் ஏறுகிறேன்.)

முதல் மூன்று வாரம் நான் வாயே திறக்கவில்லை. நான் படித்தது பழைய எஸ்.எஸ்.எல்.சி.யும் இரண்டு வருட ஆசிரியர் பயிற்சியும். 34 வருடம் இடைநிலை ஆசிரியராக வாய்ப்பாடு சொல்லிக் கொடுத்தவள். பேராசிரியர் பேசும்போது, காசு கொடுக்காமல் பஸ்ஸில் ஏறிவிட்டவள் மாதிரி உட்கார்ந்திருந்தேன். அப்போது சாக்ரடீஸின் விசாரணையைப் படித்தோம். கி.மு. 399-இல் ஏதென்ஸில் அவரைக் கூண்டில் நிறுத்தும்போது அவருக்கு 70 வயது. இளைஞர்களைக் கெடுத்தார், ஊர்க் கடவுள்களை மதிக்கவில்லை என்பது குற்றச்சாட்டு. அவர் தன் கைப்பட ஒரு வரிகூட எழுதி வைக்கவில்லை. நமக்குக் கிடைப்பதில் பெரும்பகுதி அவருடைய மாணவர் பிளேட்டோ எழுதியது. மாணவன் எழுதி வைத்ததால்தான் வாத்தியார் பிழைத்திருக்கிறார் என்று எனக்குத் தோன்றியது. அதைக்கூடச் சொல்லவில்லை.

நாலாவது வாரம் 'மேனோ' என்ற உரையாடலின் ஜெராக்ஸ் தாள்களைக் கொடுத்தார்கள். வாசித்துக்கொண்டே போனால், நடுவில் கணக்கு வருகிறது! மேனோ வீட்டு அடிமைப் பையன் ஒருவனைக் கூப்பிட்டு, சாக்ரடீஸ் தரையில் சதுரம் வரைகிறார். பக்கம் 2 அடி, பரப்பு 4. இதைப் போல இரண்டு மடங்கு பரப்புள்ள சதுரம் வேண்டும், பக்கம் எவ்வளவு இருக்க வேண்டும் என்கிறார். பையன் பக்கத்தையும் இரண்டு மடங்காக்கு என்கிறான். 4 அடி. வரைந்து பார்த்தால் பரப்பு 16. அப்படியானால் 3 அடி என்கிறான். 9 வருகிறது, வேண்டியது 8. கடைசியில் பையன் எனக்குத் தெரியவில்லை என்கிறான். சாக்ரடீஸ் கோபப்படவில்லை. மேனோவிடம் திரும்பி, இப்போது இவன் முன்னைவிட நல்ல நிலைக்கு வந்திருக்கிறான் பார்த்தாயா என்கிறார். முன்பு தெரியாமலே தெரியும் என்று நினைத்திருந்தான், இப்போது தேடத் தயாராகிவிட்டான் என்கிறார்.

அந்த இடத்தில் விடை வக்கீலுக்கும் பிடிபடவில்லை, எல்.ஐ.சி.க்கும் பிடிபடவில்லை. என்னை அறியாமல் எழுந்துவிட்டேன். ஒரு தாளைச் சதுரமாகக் கிழித்து, நாலு மூலையையும் நடுப்புள்ளிக்கு மடித்துக் காட்டினேன். உள்ளே கிடைக்கிற சதுரம் பாதிப் பரப்பு, விரித்தால் இரண்டு மடங்கு. மடிக்காத சதுரத்தின் பக்கம் எது? மடித்த சதுரத்தின் மூலைவிட்டத்தின் நீளம்தான். ரயில்வே அண்ணாச்சி, "இத எங்க வாத்தியார் இப்படிச் சொல்லியிருந்தா நான் கணக்குல பாஸாகியிருப்பனே தாயி" என்றார். ஆறேழு வயது குறைந்த மாதிரி இருந்தது எனக்கு.

அப்புறம் நல்ல சண்டை. சாக்ரடீஸ் தான் எதையும் சொல்லித் தரவில்லை, ஆன்மா முன்பே அறிந்ததைப் பையன் நினைவுக்குக் கொண்டுவருகிறான் என்கிறார். காலேஜ் பெண்களில் ஒருத்தி, "கேள்விக்குள்ளயே பதிலை வெச்சுத்தான கேக்கிறாரு?" என்றாள். நான் அவள் கட்சி. "சரிதானே பிள்ளைகளா?" என்று நாங்கள் கேட்டால் "ஆமா டீச்சர்" என்று கூரை அதிரும், பாதிப் பேருக்குப் புரிந்திருக்காது. கடைசிக் கட்டத்தில் அந்தப் பையன் சொல்கிற பாதிப் பதில் அந்த ஜாதிதான். பேராசிரியர் ஒத்துக்கொள்ளவில்லை.

அந்தப் பையனுக்குப் பெயர் என்ன என்று நான் கேட்டேன். தாள்களைப் புரட்டிப் பார்த்தார்கள். பிளேட்டோ அவன் பெயரை எழுதவே இல்லை.

இனிமேல் சொல்லப் போவது எனக்குக் கஷ்டமானது. 1991-இல் ஏழாம் வகுப்பில் இதே கேள்வியைக் கேட்டேன். பக்கம் இரண்டு மடங்கானால் பரப்பு எத்தனை மடங்கு? கரும்பலகை முன்னால் நின்ற பையன் இரண்டு என்றான். திரும்பக் கேட்டேன், மூன்று என்றான். கையில் அடித்தேன். "தெரியலை டீச்சர்" என்றான். "தெரியாதவனுக்கு எதுக்குப் பள்ளிக்கூடம்? தீப்பெட்டி ஆபீஸுக்குப் போக வேண்டியதுதான?" என்று எல்லார் முன்னாலும் சொன்னேன். வகுப்பே சிரித்தது. அடுத்த வாரம் அவன் வரவில்லை. தீப்பெட்டி ஆபீஸுக்குத்தான் போயிருந்தான். அந்தக் காலத்தில் நம் பக்கம் அது பெரிய அதிசயமில்லை என்பதால் நானும் பெயரை அடித்துவிட்டுப் பாடத்தைத் தொடர்ந்தேன்.

இதை அந்த மாடியில் சொல்லிவிட்டேன். யாரும் ஆறுதல் சொல்லவில்லை, அதற்கு நன்றி. சண்டை போட்ட அதே பெண் மட்டும், "அவங்களை அப்புறம் தேடிப் பாத்தீங்களா டீச்சர்?" என்று கேட்டாள். இல்லை என்றேன். அவன் வீடு பள்ளியிலிருந்து இரண்டு தெரு தள்ளித்தான் இருந்தது.

இறங்கி வரும்போது மெடிக்கல்காரன் என் கையைப் பிடித்துக்கொண்டான். அவனும் அதே வகுப்புதான், எனக்கு மறந்தே போயிற்று. "அவன் அதுக்கு முன்னாலயே லீவு போட்டுப் போட்டு வேலைக்குப் போய்க்கிட்டுத்தான் இருந்தான் டீச்சர். வீட்டுல கஷ்டம். நீங்க சொன்னதால இல்ல" என்றான். உண்மையைச் சொன்னானா, கிழவி மனசு நோகக் கூடாதென்று சொன்னானா, எனக்குத் தெரியவில்லை. வருகைப் பதிவேட்டில் அவன் பெயருக்கு நேரே எத்தனை ஆப்சென்ட் போட்டேன் என்று நினைவுபடுத்திப் பார்க்கிறேன். ஒன்றும் வரவில்லை.

இப்போது அவன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டராம். மகள் நர்சிங் படிக்கிறாளாம். தினமும் துணியை அளந்து வெட்டுகிறவன், பரப்பு அவனுக்கு என்னைவிட நன்றாகவே தெரிந்திருக்கும். நம்பர் வாங்கி மூன்று வாரம் ஆகிறது. இரண்டு தடவை அழுத்திவிட்டு மணி அடிப்பதற்குள் கட் பண்ணிவிட்டேன்.

அந்த வகுப்பில் இருந்தவர்கள் இதைப் படித்தால், தயவுசெய்து கமெண்ட்டில் அவன் பெயரைப் போடாதீர்கள். என் பக்கம் நியாயம் பேசியும் எழுத வேண்டாம். பதினோரு மணிக்குக் கம்பெனியில் டீ டைம், அப்போதுதான் போன் எடுப்பான் என்று மெடிக்கல்காரன் சொன்னான். நாளைக்குப் பதினோரு மணிக்குக் கூப்பிடுகிறேன்.