வரி கட்டும் விருந்தாளிகள்

நாடாளுமன்றத்தைப் பற்றிப் பேசுவோர் பலர். நகர்மன்றத்தைப் பற்றிப் பேசுவோர் மிகச் சிலர். அமெரிக்க அதிபர் தேர்தலின் நெளிவு சுளிவுகளை எல்லாம் விரல் நுனியில் வைத்திருக்கும் நண்பர் ஒருவரிடம், “தங்கள் தெருவுக்கு உரிய மன்ற உறுப்பினர் யார்?” என்று கேட்டுப் பாருங்கள். தலையைச் சொறிவார். ஆயினும், அவர் வீட்டில் பிறந்த குழந்தையின் பெயரைப் பதிவேட்டில் ஏற்றுவதும், அவர் இரவில் நடக்கும் வழியில் விளக்கேற்றுவதும், அவர் வீட்டுக் குப்பையை அகற்றுவதும் அந்த அமெரிக்க அதிபர் அல்லர். தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பது பழமொழி. அந்தத் தொட்டிலும் சுடுகாடும் ஆகிய இரண்டுமே நகராட்சியின் கணக்கில் அடங்கியவை என்பது நாம் மறந்துவிட்ட உண்மை.

இந்த மறதி எல்லார்க்கும் பொதுவே. எனினும், பிறந்த மண்ணை விட்டு வேற்று மாநிலத்தில் குடியேறி வாழும் நம்மிடம் அது சற்று ஆழமாகவே வேரூன்றியிருக்கிறது. அதன் காரணத்தையும், அதனால் நாம் இழப்பதையும், மட்டாஞ்சேரியில் பிறந்து வளர்ந்து முதுமை எய்தியவன் என்ற உரிமையில், இம்மலரின் வாயிலாக அன்பர்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறேன்.

நாம் வாழும் இந்நகரம் நகராட்சி வரலாற்றில் எளிய இடம் பெற்றதன்று. 1663ஆம் ஆண்டில் போர்ச்சுகீசியரிடமிருந்து கொச்சியைக் கைப்பற்றிய டச்சுக்காரர், அடுத்த ஆண்டே ஃபோர்ட் கொச்சியில் நகராட்சி ஒன்றை அமைத்தனர் என்று இவ்வூரார் பெருமையோடு சொல்வார்கள். சென்னை மாநகராட்சி தோன்றியது 1688ஆம் ஆண்டு செப்டம்பர் 29ஆம் நாள். பிற்காலத்தில் ஆங்கிலேயர் ஆட்சியில், 1866ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாளில், ஃபோர்ட் கொச்சி மீண்டும் நகராட்சியாயிற்று. அது அப்போது சென்னை மாகாணத்து மலபார் மாவட்டத்தின் ஒரு துண்டு. அதை ஒட்டியே கிடக்கும் மட்டாஞ்சேரியோ கொச்சி அரசருக்கு உரியது. 1896ஆம் ஆண்டில் கொச்சி அரசர் மட்டாஞ்சேரிக்கும் எறணாகுளத்துக்கும் நகர அவைகளை ஏற்படுத்தினார். ஆக, ஒரே காயலின் கரையில், ஒரே மழையில் நனைந்து, ஒரே கொசுவிடம் கடிபட்டு வாழ்ந்த மக்களுக்குத் தனித்தனி மன்றங்களும் தனித்தனிச் சட்டங்களும் இருந்தன.

கொசுவை வேடிக்கைக்காகச் சொல்லவில்லை. யானைக்கால் நோயை ஆங்கிலேயர் ‘கொச்சிக் கால்’ என்றே வழங்கிய காலம் ஒன்று இருந்தது. அது கெட்ட நீரைக் குடிப்பதால் வருவது என்று நெடுங்காலம் நம்பினர். வசதி படைத்தோர் ஆலுவாயிலிருந்து வள்ளங்களில் வந்த பெரியாற்று நீரை விலைக்கு வாங்கிப் பருகினர். பின்னரே, அந்நோயைப் பரப்புவது தேங்கிய சாக்கடையில் பிறக்கும் கொசு என்பது அறிவியலால் தெளிவாயிற்று. பணம் உள்ளவர் நல்ல நீரை வாங்கலாம். நல்ல சாக்கடையைத் தனியொருவர் வாங்க இயலுமா? ஊர் கூடித்தான் அதை அமைக்க வேண்டும். நகராட்சி என்பதன் முழுத் தத்துவமும் இந்த ஒரு கேள்வியில் அடங்கிவிடுகிறது என்பது என் எண்ணம்.

என் தந்தையார் திருநெல்வேலிச் சீமையிலிருந்து, மிளகும் சுக்கும் வாங்கி விற்கும் பண்டகசாலை ஒன்றில் கணக்கெழுத வந்தவர். “காலையில் மகாராஜாவின் குடியாகக் கண் விழிப்பேன், சரக்குக் கடிதத்தோடு ஃபோர்ட் கொச்சிக்கு நடந்தால் பத்து மணிக்கு வெள்ளைக்காரனின் குடி, மாலையில் மறுபடியும் மகாராஜாவின் குடி” என்று பழைய நாள்களைச் சொல்லிச் சிரிப்பார். 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாளில் கேரள மாநிலம் உருவானபோது அந்த எல்லை மறைந்தது. 1967ஆம் ஆண்டு, அதே நவம்பர் முதல் நாளில், எறணாகுளம், மட்டாஞ்சேரி, ஃபோர்ட் கொச்சி ஆகிய மூன்று நகராட்சிகளும், வில்லிங்டன் தீவும், பள்ளுருத்தி, வெண்ணலை, வைற்றிலை, இடப்பள்ளி ஆகிய ஊராட்சிகளும் ஒன்றாக இணைந்து கொச்சி மாநகராட்சியாயின. ஏ. ஏ. கொச்சுண்ணி மாஸ்டர் முதல் மேயரானார். எனக்கு அப்போது பதினேழு வயது.

தந்தையார் வீட்டு வரி இரசீதுகளை ஒரு கம்பியில் ஆண்டுவாரியாகக் கோத்து வைத்திருந்தார். மேலே நகராட்சியின் பெயர் மாறிய முதல் இரசீதை அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இருமுறை படித்தது நினைவிருக்கிறது. ஒரு நாள்கூடத் தவணை தவறியவர் அல்லர். ஆனால், நகர்மன்றத்தில் என்ன நடக்கிறது என்று அவர் ஒரு நாளும் கேட்டதில்லை. வாக்காளர் பட்டியலில் பெயரைச் சேர்க்கவும் முயன்றதில்லை. ஒரு நாள் நானே கேட்டுவிட்டேன். “நாம் இங்கே விருந்தாளிகள் அப்பா. விருந்தாளி வீட்டுக்காரனிடம் கணக்குக் கேட்கலாமா?” என்றார். அடுக்களையில் இருந்த என் தாயார் கையைத் துடைத்தபடி வெளியே வந்து, “முப்பது வருஷம் தவறாமல் வரி கட்டுகிற விருந்தாளியை நான் உங்களைத்தான் பார்க்கிறேன்” என்றார். தந்தையார் மறுமொழி கூறவில்லை. அடுத்த பட்டியல் திருத்தத்தின்போது தாயாரே விண்ணப்பத்தை எழுதுவித்து, இருவர் பெயரையும் சேர்க்கச் செய்தார்.

தந்தையாரின் சொல்லில் இருந்தது பணிவு மட்டுமன்று. என்றேனும் ஊருக்குத் திரும்புவோம் என்ற நம்பிக்கையும் அதில் இருந்தது. திரும்பப் போகிறவனுக்குத் தெருவின் மீது என்ன அக்கறை? இந்த நம்பிக்கையே நம்மில் பலரைப் பல்லாண்டுகளாக வாசற்படியிலேயே நிறுத்தி வைத்திருக்கிறது. வந்தவர்கள் திரும்பவில்லை, அவர்தம் பிள்ளைகளும் திரும்பவில்லை. ஆயினும் மூட்டையை மட்டும் இன்னும் அவிழ்க்காமல் வைத்திருக்கிறோம்.

கணக்குக் கேட்பது தமிழனுக்குப் புதியதன்று. தொண்டை நாட்டு உத்திரமேரூரில், முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919, 921ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பெற்ற கல்வெட்டுகளை நம்மில் அறியாதார் இலர். ஊர் முப்பது குடும்புகளாகப் பிரிக்கப்பட்டது. தகுதியுடையோர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டு, ஏதும் அறியாச் சிறுவன் ஒருவனைக் கொண்டு எடுப்பித்தனர். இவ்வாறு தேர்ந்தோரைக் கொண்டு ஆண்டு வாரியம், தோட்ட வாரியம், ஏரி வாரியம் என்பன அமைந்தன. குடவோலை முறையைப் பற்றி மேடைதோறும் முழங்குகிறோம். ஆனால், அக்கல்வெட்டில் என் நெஞ்சைக் கவர்வது குடமும் ஓலையும் அல்ல; வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும், அவர்தம் நெருங்கிய உறவினரும் மறுபடி அங்கே இடம்பெறலாகாது என்ற விதியே. கொச்சி மாநகராட்சியிலும் நிதி, வளர்ச்சி, நலம், சுகாதாரம், பொதுப்பணி, நகரமைப்பு, வரி மேல்முறையீடு, கல்வி என எட்டு நிலைக்குழுக்கள் உண்டு. பெயர்கள் மாறினவே தவிர, ஏரியையும் கணக்கையும் பேணும் வேலை மாறவில்லை.

பெருமையோடு உண்மையையும் சேர்த்தே சொல்ல வேண்டும். உத்திரமேரூர்க் குடத்தில் எல்லார் பெயரும் விழவில்லை. முப்பத்தைந்து வயதுக்கு மேல் எழுபதுக்கு உட்பட்டவராய், வரி செலுத்தும் காணி உடையவராய், சொந்த மனையில் வீடு உடையவராய், வேதம் கற்றவராய் இருந்தோர்க்கே அது திறந்திருந்தது. உழுதவன் பெயரும், வெளுத்தவன் பெயரும், எந்தப் பெண்ணின் பெயரும் அந்தக் குடத்துக்குள் செல்லவில்லை. இன்றைய குடமோ பெரிது. கேரளத்தில் 2010ஆம் ஆண்டுத் தேர்தல் முதல் உள்ளாட்சி இடங்களில் பாதி பெண்களுக்கு உரியது. முன்னோர் மறுத்ததை இன்றைய சட்டம் வழங்கியிருக்கும்போது, பெற்ற நாம் கைகட்டி நிற்பது முறையா?

கூடிக் கேட்பதன் ஆற்றலை நம்மவரிடமே காணலாம். ஃபோர்ட் கொச்சியின் வெளி என்னும் பகுதியில் உள்ள தோபிகானாவைக் காணாதவர்கள் ஒரு முறை சென்று காணுங்கள். டச்சுக்காரர் காலத்தில் படைவீரர்களின் உடைகளை வெளுக்கத் தமிழகத்திலிருந்து வரவழைக்கப்பட்டவர்களின் வழியினர் தாம் என்பது அங்கு உழைப்போரிடையே வழங்கும் மரபுச் செய்தி. துவைக்கத் தனித்தனித் தொட்டிகள், கஞ்சி போட்ட துணிகளை உலர்த்த விரிந்த வெளி, முறுக்கிய கயிற்றின் பிரிகளுக்கிடையே துணியின் முனையைச் செருகி, கிளிப் ஏதுமின்றியே காற்றில் நிற்கச் செய்யும் கைத்திறன், கரிப்பெட்டியின் கனம். 1976ஆம் ஆண்டில் பெருங்கொச்சி வளர்ச்சிக் குழுமத்தால் இந்த இடம் அமைக்கப்பட்டது. வண்ணார் சங்கம் அதைப் பேணி வருகிறது. சிதறிக் கிடந்திருந்தால் நகரின் வளர்ச்சி அவர்களை என்றோ ஓரம் தள்ளியிருக்கும். சங்கமாக நின்றதால் நகரின் வரைபடத்திலேயே அவர்களுக்கு ஓர் இடம் இருக்கிறது. பட்டிமன்றமும் பொங்கல் விழாவும் நடத்தும் நம் சங்கங்கள் அந்தச் சங்கத்திடம் கற்க வேண்டியது உண்டு.

மொழி தெரியாதே என்று தயங்குவோரும் உளர். அவர்களுக்காக ஒரு நிகழ்ச்சி. சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் பகுதி மக்களின் கூட்டம் ஒரு பள்ளி வகுப்பறையில் நடந்தது. எங்கள் தெருவில் தையல் வேலை செய்து இரு பெண்களைப் படிக்க வைக்கும் தமிழ் அம்மையார் ஒருவர், தம் குடும்பஸ்ரீ அயல்கூட்டத்துத் தோழியரின் வற்புறுத்தலால் வந்திருந்தார். கார்த்திகை மாதத்தில், மலையாளிகள் ‘விருச்சிக வேலியேற்றம்’ என்று சொல்லும் பெரிய ஓதத்தின்போது, காயல் நீர் ஓடை வழியே பின்வாங்கித் தாழ்ந்த வீடுகளுக்குள் புகுவது எங்கள் பகுதியின் இயற்கை. அம்மையார் எழுந்து, நடுங்கிய குரலில், “ராத்திரியானா எங்க வீட்டுக்குள்ள வெள்ளம் வருதுங்க” என்றார். மலையாளத்தில் வெள்ளம் என்றால் வெறும் தண்ணீர். குழாயில் நீருக்காகக் காத்திருப்போர் நிறைந்த அவையில், “வீட்டுக்குள்ளேயே வருகிறதா, பாக்கியவதி!” என்று யாரோ சொல்ல, அறையே சிரித்தது. அம்மையார் முகம் சுண்டி உட்காரப் போனார்.

அப்போது முன்வரிசையில் இருந்த இஸ்லாமியப் பெரியவர் ஒருவர் எழுந்து கையை உயர்த்தினார். “அவர் சொல்வது வெள்ளமல்ல, வெள்ளக்கெட்டு. என் வீடும் அதே வரிசையில்தான்” என்றார். சிரிப்பு அடங்கியது. எத்தனை வீடுகள், எவ்வளவு உயரம், எந்தெந்த நாள்கள் என்று தலைமை தாங்கிய உறுப்பினர் கேட்கக் கேட்க, அம்மையார் தமிழும் மலையாளமும் கலந்து விடை சொன்னார். அந்த ஒரு சொல் நடவடிக்கைக் குறிப்பில் ஏறியது. குறிப்பில் ஏறியதே பணிப்பட்டியலில் ஏறும். பணிப்பட்டியலில் ஏறியதே வரவு செலவுத் திட்டத்தில் ஏறும். மறு ஆண்டில் அந்தச் சந்து உயர்த்தப்பட்டது. ஓதத்தை யாரும் நிறுத்திவிட முடியாது. ஆனால், படுக்கை வரை வந்த நீர் வாசலோடு நின்றது. அடுத்த கூட்டத்துக்கு அம்மையாரை யாரும் அழைக்கவில்லை. அவரே இரண்டு பெண்களை அழைத்துக்கொண்டு வந்திருந்தார்.

சட்டமும் நமக்குத் துணை நிற்கிறது. இந்திய அரசியலமைப்பின் 350ஆவது பிரிவு, குறை தீர்க்கக் கோரும் விண்ணப்பத்தை நாட்டிலோ மாநிலத்திலோ வழங்கும் எந்த மொழியிலும் அளிக்கும் உரிமையை ஒவ்வொருவர்க்கும் தருகிறது. கேரளத்தின் 1969ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம், தமிழும் கன்னடமும் பேசும் சிறுபான்மையினர் தலைமைச் செயலகத்தோடும் துறைத் தலைவர்களோடும் தம் மொழியில் தொடர்புகொள்ள வழி வகுத்துள்ளது. எனினும், மலையாள எழுத்தைக் கற்றுக்கொள்வதே நம் அண்டை வீட்டார்க்கு நாம் காட்டும் மரியாதை என்பேன். உரிமை ஒரு கையில் இருக்கட்டும்; நட்பு மறு கையில் இருக்கட்டும்.

ஒதுங்கி இருந்தால் தொல்லை நம்மைத் தொடாது என்று கருதுவோர் 2023ஆம் ஆண்டு மார்ச் 2ஆம் நாளை நினைத்துப் பார்க்க வேண்டும். பிரம்மபுரம் குப்பைக் கிடங்கில் அன்று பிடித்த தீ பல நாள் புகைந்தது. நகரைச் சூழ்ந்த புகை, வீட்டுக்குள் பேசும் மொழி யாதென்று எந்தக் கதவிலும் கேட்டு நுழையவில்லை. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் மாநகராட்சிக்கு விதித்த இழப்பீடு 100 கோடி ரூபாய். அது யார் பணம்? வரி கட்டும் எல்லார் பணமும்தான். கணக்குக் கேளாதவனும் கணக்கிலிருந்து தப்புவதில்லை.

ஆகவே, அன்பர்களே, பெரிய பதவிகளை நாடச் சொல்லவில்லை. வாக்காளர் பட்டியலில் நம் பெயரும், பதினெட்டு நிரம்பிய நம் பிள்ளைகளின் பெயரும் இருக்கின்றனவா என்று பார்ப்போம். பகுதிக் கூட்டம் என்று அறிவிப்பு வந்தால் வீட்டுக்கு ஒருவரேனும் செல்வோம். எழுதத் தெரியாத முதியோர்க்கும், புதிதாய் வேலை தேடி வந்த தொழிலாளர்க்கும் விண்ணப்பம் எழுதித் தர, நம் சங்கக் கட்டடத்தில் வாரம் ஒரு மாலை ஒதுக்குவோம். இவை மூன்றும் செலவில்லாத பணிகள்.

விருந்தாளிக்குத் தலைவாழை இலை போடுவார்கள். இன்று என்ன சமைப்பது என்று அவரிடம் கேட்க மாட்டார்கள். அடுக்களைக்குள் சென்று ஒரு கை கொடுப்பவரையே வீட்டார் என்று உலகம் சொல்லும்.