வில்லடியில் மாறும் பேச்சு

நாஞ்சில் நாட்டுக் கோயில் கொடைகளில் விடியவிடிய வில்லுப்பாட்டு கேட்டவர்கள் இதைக் கண்டிருப்பார்கள். கண்டு பழகிப்போனதால் கவனிக்காமல் விட்டிருப்பார்கள். குழுவின் தலைமைப் பாடகரான அண்ணாவி வீசுகோலால் வில்லின் நாணை அடித்துச் சுடலைமாடன் கதையைப் பாடி வருகிறார். குடமும் உடுக்கும் கூடவே வருகின்றன. அடி முடிந்து தாளம் நின்றதும், "கேட்டீரா வே" என்று பக்கத்தில் இருப்பவர் பக்கம் திரும்பி வசனத்துக்கு இறங்குகிறார். அந்த நொடியில் நாக்கு ஊருக்குத் திரும்பிவிடுகிறது. 'என்னுடைய' என்பது 'எனக்க' ஆகிறது. 'போய்விட்டது' என்பது 'போயிட்டு' ஆகிறது. சொற்றொடரின் வால் நீண்டு, லேசாக மேலே ஏறி நிற்கிறது. இடப்பக்கத்துக்காரர் "ஆமா" போடுகிறார். உடுக்கு மறுபடி முழங்கியதும் அந்த இழுப்பைக் காணோம். ஆள் ஒன்று, ராத்திரி ஒன்று, மைக்கும் ஒன்றுதான். பாட்டை மட்டும் கேட்கும் கோயம்புத்தூர்க்காரர் பாடுகிறவர் எந்த மாவட்டம் என்று சட்டென்று சொல்லிவிட முடியாது. வசனத்தில் இரண்டு வாக்கியம் காதில் விழுந்தால் போதும், நாகர்கோவில் பக்கம் என்று சொல்லிவிடுவார்.

இதற்குக் காரணம் தேடுபவர் முதலில் ஒன்றைக் கேட்டுக்கொள்ள வேண்டும். ஒருவருடைய ஊரை நாம் எதைக் கொண்டு கண்டுபிடிக்கிறோம்? சொல்லைக் கொண்டு என்றுதான் நினைக்கிறோம். ஆனால் நாகர்கோவில் பேச்சைக் கேலி செய்யும் வெளியூர்க்காரர்கள் சொற்களை எடுப்பதற்கு முன்பே ராகத்தைப் பிடித்துவிடுகிறார்கள். குரல் எங்கே ஏறுகிறது, எந்த அசை நீள்கிறது, எங்கே மூச்சு விடுகிறார்கள் என்பதில்தான் ஊர் முதலில் தெரிகிறது. மெட்டு பறித்துக்கொள்வதும் இவற்றைத்தான். ஏற்ற இறக்கத்தைப் பண் முடிவு செய்கிறது, நீளத்தைத் தாளம் முடிவு செய்கிறது. பேசுகிறவர் தன் ஊரைக் காட்ட வைத்திருந்த இடம் இரண்டிலும் வேறொருவர் வந்து உட்கார்ந்துவிடுகிறார். இசையோடு சேரும்போது உயிரும் ஒற்றும் தமக்குரிய மாத்திரையைக் கடந்து நீளும் என்று தொல்காப்பியமே நூன்மரபின் கடைசியில் சொல்லி வைத்திருக்கிறது. குறில் நெடிலை வைத்துப் பொருளைப் பிரிக்கும் ஒரு மொழியில் இது சின்னச் சலுகை இல்லை. 'கலை'யின் முதல் எழுத்தை நாலு அட்சரத்துக்கு இழுத்தால் காதில் விழுவது 'காலை'தான். இடம் பார்த்து நாம் பொருள் கொள்கிறோம். குரல் மிக உச்சத்துக்குப் போனால் உயிரெழுத்துகளுக்கு இடையிலான வேறுபாடே மங்கிவிடுகிறது. மேல்நாட்டு ஆப்பராவில் பெண்கள் உச்சத்தில் பாடும் சொல் புரியாமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம். குறில் நெடிலுக்கே இந்தக் கதி என்றால் ஊர் இழுப்பு எம்மாத்திரம்!

ஆனால் இதோடு விஷயம் முடிந்துவிடவில்லை. மெட்டு ஊர்ச்சாயலை அழிக்கிறது, அவ்வளவுதான் என்றால், பாடும் எல்லாரும் சாயலே இல்லாத ஒரே தமிழில் போய் நிற்க வேண்டும். அப்படி நடப்பதில்லை. இதே நாகர்கோவிலில் ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் கீர்த்தனை பாடும் குரலும், வடிவீசுவரத்தில் பிறந்த நீலகண்ட சிவனின் உருப்படியைக் கச்சேரியில் பாடும் குரலும், கல்யாண வீட்டு மேடையில் சினிமாப் பாட்டு பாடும் குரலும் மூன்று விதமாகச் சொற்களை உருட்டுகின்றன. மூன்றையும் ஒருவரே பாடினாலும் அப்படித்தான். அழிந்த இடத்தில் வேறொரு சாயல் வந்து ஒட்டுகிறது; அது எந்தப் பாட்டோ அந்தப் பாட்டின் சாயல். பீட்டில்ஸ் குழுவினர் லிவர்பூல்காரர்கள். அவர்களுடைய தொடக்ககால இசைத்தட்டுகளில் அமெரிக்க உச்சரிப்பு தூக்கலாக இருந்ததையும், அறுபதுகள் முடிவதற்குள் அது வெகுவாகக் குறைந்ததையும் பீட்டர் ட்ரட்ஜில் என்ற மொழியியலாளர் 1983-இல் எண்ணிக் காட்டினார். அந்த இசையின் பிறந்த வீடு அமெரிக்கா. விருந்துக்குப் போனவர்கள் அந்த வீட்டுப் பேச்சில் பேசினார்கள். பிறகு தங்களுக்கென்று வீடு கட்டிக்கொண்டார்கள். நியூசிலாந்தில் ஆண்டி கிப்சன் என்ற ஆய்வாளர் பாடகர்களைத் தங்கள் வரிகளையே பாடவும் படிக்கவும் வைத்துப் பார்த்தார். படிக்கும்போது சொந்த ஊர் வந்தது, பாடும்போது அமெரிக்கா வந்தது. வலிந்து செய்ததாகவும் தெரியவில்லை. சொந்த உச்சரிப்பில் பாடுவதற்குத்தான் முயற்சி தேவைப்பட்டது.

பாட்டு வகைக்கென்று ஒரு சாயல் உண்டு என்பதற்கு நம்மூரிலேயே வேடிக்கையான சாட்சி இருக்கிறது. நாகர்கோவில் ஒழுகினசேரியில் 1908-இல் பிறந்த கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன், 1949-இல் வந்த 'நல்லதம்பி' படத்தில் கிந்தனார் காலட்சேபம் செய்கிறார். நந்தனார் சரித்திரக் கதாகாலட்சேபத்தின் அச்சில், படிக்க ஆசைப்பட்டு ரயிலேறும் ஒரு பையனின் கதை. காலட்சேபம் செய்யும் பாகவதரின் நீட்டலும் குழைவும் அதில் அப்படியே இருக்கின்றன. பையனின் கதை பாதிச் சிரிப்பென்றால், அதைச் சொல்லும் வாய் பாகவதர் வாயாக இருப்பது மீதிச் சிரிப்பு. காலட்சேபத்துக்கென்று ஒரு வாய் இல்லாமல் இருந்திருந்தால் கலைவாணர் எதைப் போட்டுக் காட்டியிருப்பார்?

இங்கே தமிழ் படித்தவர்கள் ஒரு தடை எழுப்புவார்கள். பாட்டு எழுத்துத் தமிழில் இருக்கிறது, பேச்சு பேச்சுத் தமிழில் இருக்கிறது. மாறுவது சொல், உச்சரிப்பு இல்லை என்பார்கள். நியாயமான தடைதான், பாதி உண்மையும்கூட. ஆனால் நாகர்கோவில்காரர் ஒருவர் செய்தித்தாளை வாய்விட்டு வாசித்தால் எழுத்துத் தமிழ்தான் வருகிறது, கூடவே ஊர் இழுப்பும் வருகிறது. எழுத்துத் தமிழால் போகாத இழுப்பு மெட்டு வந்ததும் போகிறது என்றால் வேலையைச் செய்தது மெட்டுதான். சினிமாவில் வட்டார வழக்கிலேயே எழுதிய பாட்டுகள் எத்தனை! சொல் தென்கோடியுடையதாக இருக்கும், உருட்டல் ஒலிப்பதிவுக்கூடத்துடையதாக இருக்கும்.

மெட்டால் தொட முடியாதது மெய்யெழுத்தின் ஒலிப்பு. தமிழ் தெரியாமல் வந்து பாடிய வடநாட்டுப் பாடகர்களிடம் நாம் குறை கண்டதெல்லாம் ழகர ளகரத்திலும் றகரத்திலும்தான். அவர்களுடைய பேச்சின் ராகம் பாட்டில் தெரிந்ததாக யாரும் சொன்னதில்லை. தெலுங்கைத் தாய்மொழியாகக் கொண்ட பி. சுசீலாவும், மதுரைச் சௌராஷ்டிரக் குடும்பத்து டி. எம். சௌந்தரராஜனும் தமிழ் உச்சரிப்புக்கே உதாரணமாகச் சொல்லப்படுகிறார்கள். மெய்யெழுத்தைக் கற்றுத்தான் ஆக வேண்டும். கற்கும்போது அதைப் பாட்டோடு சேர்த்தே கற்கிறோம். அதனால்தான் பேச்சில் 'வாளப்பளம்' என்பவர் பாட்டில் ழகரத்தை உருட்டி உருட்டிப் பாடுகிறார். இதைப் பாசாங்கு என்பவர்களுக்குச் சொல்ல அதிகமில்லை. அண்ணாவி வேடம் போடுகிறார் என்று கொடைக்கு வந்த யாரும் சொல்லக் காணோம்.

என் வாதத்துக்கு இடிக்கும் ஒன்று ஒப்பாரி. அங்கே பாட்டு உண்டு, ஊரும் போவதில்லை. 'எனக்க' அப்படியே வரும், இழுப்பும் வரும். யோசித்துப் பார்த்தால் அங்கே மெட்டே அந்த இழுப்பிலிருந்து எடுத்ததுதான். அழும் பேச்சைக் கொஞ்சம் நீட்டினால் ஒப்பாரி. பாட்டின் பிறந்த வீடும் பாடுகிறவளின் வீடும் ஒன்றாக இருக்கும்போது நாக்கு எங்கே போகும்? வில்லுப்பாட்டு நிலைமை வேறு. ஹார்மோனியமும் தபலாவும் மேடைக்கு ஏறிவிட்டன, கதையின் நடுவே சினிமா மெட்டும் வந்துவிட்டது. அந்த இடங்களில் அண்ணாவியின் குரல் கோடம்பாக்கத்துக்குப் போய்விடுகிறது. மெட்டு முடிந்து, வீசுகோலை மடியில் வைத்து, பக்கத்தில் இருப்பவரைப் பார்க்கிறார். "கேட்டீரா வே" என்கிறார்.