ஒரே பெட்டியில் இரண்டு குடித்தனம்

பழைய லேப்டாப்பைத் தூக்கிப் போடுவதா, வைத்துக்கொள்வதா என்ற பேச்சு இப்போது பல வீடுகளில் அடிபடுகிறது. 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு விண்டோஸ் 10-க்கு வழக்கமாகக் கொடுத்து வந்த பாதுகாப்புத் திருத்தங்களை மைக்ரோசாஃப்ட் கம்பெனி நிறுத்திவிட்டது. அடுத்ததான விண்டோஸ் 11 வேண்டுமென்றால் 4 ஜிபி ராம், டிபிஎம் 2.0 என்கிற பாதுகாப்பு வசதி எல்லாம் இருந்தாக வேண்டும். பன்னிரண்டு, பதிமூன்று வருஷத்துப் பெட்டியில் அதெல்லாம் ஏது?

கோட்டக்குப்பத்தில் எங்கள் தெருவில் மட்டுமே அப்படி ஏழெட்டு லேப்டாப் இருக்கும். எல்லாம் அரசாங்கம் கொடுத்த இலவச லேப்டாப்தான். 2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்த நாளன்று அப்போதைய முதலமைச்சர் ஜெயலலிதா தொடங்கி வைத்த திட்டம். எல்காட் நிறுவனம் மொத்தமாக வாங்கி, அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கொடுத்தார்கள். என் மகளுக்கு 2012-ல் கிடைத்தது.

அந்த லேப்டாப்பில் ஒரு விசேஷம் உண்டு. ஆரம்ப காலத்தில் கொடுத்தவற்றில் விண்டோஸ் 7 ஒன்று, 'பாஸ்' லினக்ஸ் ஒன்று என்று இரண்டு இயங்குதளங்கள் இருந்தன. சுவிட்சைப் போட்டதும் எது வேண்டும் என்று கேட்கும். பாஸ் என்றால் பாரத் ஆப்பரேட்டிங் சிஸ்டம் சொல்யூஷன்ஸ். சி-டாக் என்ற மத்திய அரசு நிறுவனம் தயாரித்தது. தமிழிலேயே பார்க்கலாம், காசு கிடையாது. ஆனால் எங்கள் வீட்டில் அதைத் திறந்து பார்த்தவர் யார்? முதல் ரிப்பேருக்குக் கொடுத்தபோது, "இது எதுக்கும்மா, இடத்தை அடைச்சுக்கிட்டு?" என்று கடைக்காரர் துடைத்துவிட்டார். நாங்களும் சரி என்றுவிட்டோம். ஆக, ஒரே பெட்டியில் இரண்டு குடித்தனம் என்பது புதுப் பழக்கம் இல்லை. வாசலுக்கு வந்த லட்சுமியை நாம்தான் அனுப்பி வைத்தோம்.

போன வருஷக் கடைசியில் அது மறுபடி தேவைப்பட்டது. என் வீட்டுக்காரர் கடைக்குப் பில் போடும் புரோகிராம் விண்டோஸில் மட்டுந்தான் ஓடும். ஐந்து வருஷத்துக் கணக்கு அதில் இருக்கிறது. என் மாமியார் காலமாவதற்கு முன்னால் பேரப்பிள்ளைகளுக்குச் சொன்ன கதைகளைப் பதிவு செய்ததும் அதிலேயேதான். பாலிடெக்னிக் படிக்கும் மகனுக்கோ, நெட்டில் பயமில்லாமல் உலாவவும் பாடத்துக்குப் புரோகிராம் எழுதவும் லினக்ஸ் வேண்டும். பாண்டிச்சேரியில் ஒரு கடையில் கேட்டோம். "ரெண்டும் வேணும்னா ஆகாதும்மா. ஃபார்மேட் பண்ணிடலாம், இல்லைன்னா புதுசு வாங்கிக்குங்க" என்றார்கள். ஃபார்மேட் என்றால் மாமியார் குரலும் போச்சு, கணக்கும் போச்சு.

எதிர் வீட்டுப் பெண் இன்ஜினீயரிங் படிக்கிறாள். "அத்தை, எரர் வந்தா பயப்படாதீங்க. அது என்ன சொல்லுதுன்னு முழுசா படிச்சாலே பாதி வேலை முடிஞ்சுது" என்று தைரியம் சொல்லி வந்து உட்கார்ந்தாள். மகன் நோட்டுப் புத்தகம் எடுத்தான். திரையில் வருவதை எழுத்துக்கு எழுத்து குறித்து வைப்பது அவன் பொறுப்பு. நான் மேற்பார்வை.

அவள் போட்ட முதல் சட்டம், எதையும் தொடுவதற்கு முன்னால் எல்லாவற்றையும் வெளி டிஸ்க்கில் நகல் எடுக்க வேண்டும். என் தம்பியிடம் இரவல் வாங்கி வந்தோம். நகல் எடுத்தால் மட்டும் போதாது, நாலைந்தைத் திறந்து பார்க்க வேண்டும் என்றாள். மாமியார் குரல் அந்த டிஸ்க்கிலிருந்து ஒலித்த பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது.

நாங்கள் தேர்ந்தெடுத்தது லினக்ஸ் மின்ட், எக்ஸ்எஃப்சிஇ வகை. குறைந்தது 2 ஜிபி ராம் வேண்டும், 4 ஜிபி இருந்தால் நல்லது என்கிறார்கள். முன்பே 4 ஜிபி ஆக்கியிருந்தோம். கிட்டத்தட்ட 3 ஜிபி உள்ள கோப்பை இறக்கி, பென்டிரைவில் ஏற்றி, அதிலிருந்து லேப்டாப்பைக் கிளப்ப வேண்டும். சுவிட்சைப் போட்டவுடன் எஃப் 2 அல்லது எஃப் 12 பித்தானை அழுத்தினால் எதிலிருந்து கிளம்புவது என்று தேர்ந்தெடுக்கலாம். பித்தான் கம்பெனிக்குக் கம்பெனி மாறும்.

கிளப்பினால், கறுப்புத் திரையில் 'ஸ்குவாஷ்எஃப்எஸ் எரர்' என்று வரி வரியாக மழை! லேப்டாப் போய்விட்டது என்றே நினைத்தேன். அவள் சிரித்தாள். இறக்கிய கோப்பு பாதியில் கெட்டிருக்கலாம், அல்லது பென்டிரைவ் சரியில்லை, இரண்டில் ஒன்றாம். கோப்பு முழுசாக வந்ததா என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. அதை வெளியிடுகிறவர்கள் 64 எழுத்துள்ள ஓர் அடையாளக் கோவையும் சேர்த்து வெளியிடுகிறார்கள். நம்மிடம் உள்ள கோப்புக்கும் அதே கோவை வந்தால் பழுதில்லை. மகன் படிக்க, நான் ஒவ்வோர் எழுத்தாகச் சரிபார்த்தேன். மளிகை லிஸ்ட் சரிபார்த்த கைக்கு இது என்ன பெரிசு? கோவை பொருந்திற்று. அப்படியானால் குற்றவாளி பென்டிரைவ். ஏதோ கல்யாணத்தில் தாம்பூலப் பையோடு கொடுத்தது அது. வேறு நல்ல பென்டிரைவ் போட்டதும் மின்ட் பூப்போலத் திறந்தது.

அடுத்த தகராறு, 'விண்டோஸுக்குப் பக்கத்தில் நிறுவு' என்று வர வேண்டிய தேர்வு வரவேயில்லை. 'டிஸ்க்கை முழுவதும் அழித்து நிறுவு' என்பது மட்டும் முன்னால் நின்றது. இங்கேதான் பலர் கண்ணை மூடிக்கொண்டு அதை அழுத்திவிடுகிறார்கள். சகோதரிகளே, அதை மட்டும் அழுத்தவே கூடாது. விண்டோஸ், கணக்கு, போட்டோ எல்லாம் ஒரே அழுத்தில் காலி.

காரணங்கள் இரண்டு இருந்தன. விண்டோஸ் 8 முதல் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். நாம் ஷட்டவுன் கொடுத்தாலும் விண்டோஸ் முழுசாகத் தூங்காது, அரைத் தூக்கந்தான். மறுநாள் சீக்கிரம் எழுந்திருக்க வேண்டுமாம். அரைத் தூக்கத்தில் இருக்கிறவரின் அறையை லினக்ஸ் இடித்துச் சின்னதாக்க மறுக்கிறது. அது நியாயந்தானே? கன்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ் போய், பவர் பித்தான் என்ன செய்ய வேண்டும் என்கிற இடத்தில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் டிக்கை எடுத்துவிட்டு, ஒரு தரம் முழுசாக அணைத்தோம்.

மற்ற காரணம் கொஞ்சம் விவரமானது. ஹார்ட் டிஸ்க்கைப் பார்ட்டிஷன் என்று அறை அறையாகத் தடுத்திருப்பார்கள். பழைய முறையில், அதற்கு எம்பிஆர் என்று பெயர், முதன்மை அறைகள் நாலுக்கு மேல் கூடாது. எங்கள் லேப்டாப்பில் விண்டோஸ் தனக்கென்று ஒதுக்கிய சின்ன அறை ஒன்று, சி, டி, மீட்புக்கென்று ஒன்று, ஆக நாலும் நிரம்பிவிட்டது. எவ்வளவு காலி இடம் ஒதுக்கினாலும் 'பயன்படுத்த இயலாது' என்றே காட்டும். இடம் இருக்கிறது, கதவு வைக்கத்தான் வழி இல்லை. டி அறையை நீக்கி, அந்த இடத்தை 'எக்ஸ்டெண்டட்' என்கிற கூடமாக்கி, அதற்குள் வேண்டிய அறைகளைத் தடுத்துக்கொண்டோம். டி-யில் இருந்ததெல்லாம் வெளி டிஸ்க்கில் பத்திரமாக இருந்ததால்தான் இதைச் செய்ய முடிந்தது. சில பேர் விண்டோஸிலேயே ஐந்தாவது அறை தடுக்கப் பார்ப்பார்கள். அது 'டைனமிக் டிஸ்க்' ஆக்கட்டுமா என்று கேட்கும். சரி என்று சொல்லிவிட்டால் லினக்ஸ் போடுவது பெரும் பாடு.

அறை தடுக்கும் நேரத்தில் கரண்ட் போகக் கூடாது. எங்கள் லேப்டாப் பேட்டரி செத்து நாலு வருஷம். அதனால் இன்வெர்ட்டர் லைனில் சொருகி, காலை வேளையில் உட்கார்ந்தோம். மிக்ஸி போடாதே என்று எனக்கும் தடையுத்தரவு. அன்றைக்குச் சட்னி அம்மியில்தான்.

எல்லாம் முடிந்து பென்டிரைவை எடுத்து ஆன் செய்தால், நேராக விண்டோஸ்! எது வேண்டும் என்ற கேள்வியே இல்லை. பென்டிரைவைத் திரும்பச் சொருகினால் மட்டும் மெனு வருகிறது. பேய் பிடித்ததோ என்று என் வீட்டுக்காரர் கேலி செய்தார். விஷயம் இதுதான். இரண்டில் எது வேண்டும் என்று வாசலில் நின்று கேட்கிற காவல்காரனுக்கு 'கிரப்' என்று பெயர். நிறுவும்போது அந்தக் காவல்காரனை எந்த டிஸ்க்கில் நிறுத்துவது என்று திரையின் அடியில் ஒரு வரி கேட்கிறது. எங்கள் லேப்டாப் பென்டிரைவையே முதல் டிஸ்க்காக எண்ணிக்கொண்டதால், காவல்காரன் பென்டிரைவில் போய் நின்றுவிட்டான். லினக்ஸுக்குள் போய், அளவைப் பார்த்து எது ஹார்ட் டிஸ்க் என்று உறுதிசெய்துகொண்டு, 'கிரப்-இன்ஸ்டால்' என்ற கட்டளையை அந்த டிஸ்க்கின் பெயரோடு கொடுத்து, பிறகு 'அப்டேட்-கிரப்' என்று கொடுத்தாள். பத்து நிமிஷ வேலை. இதற்கும் ஃபார்மேட்தான் என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள்!

புது லேப்டாப்பில் தொல்லை வேறு மாதிரி. திண்டிவனத்தில் என் தம்பி மகள் விண்டோஸ் 11 உள்ள லேப்டாப்பில் லினக்ஸ் போட உட்கார்ந்தபோது, நிறுவும் திரையில் டிஸ்க்கே தெரியவில்லை. சில லேப்டாப்களில் டிஸ்க்கை இன்டெல் ஆர்எஸ்டி என்ற முறையில் வைத்திருப்பார்கள். அதை ஏஎச்சிஐ முறைக்கு மாற்ற வேண்டும். எடுத்த எடுப்பில் மாற்றினால் விண்டோஸ் நீலத் திரை காட்டி நிற்கும். முதலில் விண்டோஸை 'சேஃப் மோட்'-இல் கிளம்பும்படி அமைத்துவிட்டு, மாற்றி, ஒரு தரம் சேஃப் மோடில் திறந்து, பிறகு பழையபடி ஆக்க வேண்டும். அதோடு பிட்லாக்கர் என்ற பூட்டு வேறு. இந்த மாற்றங்களைக் கண்டதும் 48 இலக்கச் சாவி எண்ணைக் கேட்கும். அவள் தன் மைக்ரோசாஃப்ட் கணக்கிலிருந்து முன்கூட்டியே எழுதி வைத்திருந்தாள், தப்பித்தாள். அந்த எண் இல்லாவிட்டால் உள்ளே இருப்பது யாருக்கும் கிடைக்காது. எனவே எண்ணை எழுதி நகைப்பெட்டியில் வையுங்கள், அந்த லேப்டாப்பிலேயே வைக்காதீர்கள்.

லினக்ஸ் வேண்டாமென்று விண்டோஸிலிருந்து அதன் அறையை அழித்தால், 'கிரப் ரெஸ்க்யூ' என்று கறுப்புத் திரை வரும். பழைய வகை லேப்டாப்பில் விண்டோஸ் மீட்பு பென்டிரைவால் அதைச் சரிசெய்யலாம். விழுப்புரம் பக்கம் இருக்கிறவர்களுக்கு விழுப்புரம் குனு/லினக்ஸ் பயனர் குழு இருக்கிறது. தமிழில் படிக்க 2012-ல் தொடங்கிய 'கணியம்' இருக்கிறது.

எங்களுக்குக் கடைசியாக வந்தது கடிகாரத் தகராறு. மகன் லினக்ஸில் படித்துவிட்டு எழுந்த பிறகு விண்டோஸைத் திறந்தால், சாயங்காலம் ஆறு மணிக்குப் பகல் பன்னிரண்டரை காட்டும். சரியாக ஐந்தரை மணி வித்தியாசம். லேப்டாப்பின் உள் கடிகாரத்தை லினக்ஸ் உலகப் பொது நேரத்தில் வைக்கிறது, விண்டோஸ் அதை நம்மூர் நேரம் என்று படிக்கிறது. நெட் இருந்தால் விண்டோஸ் தானே திருத்திக்கொள்ளும். கடையில் நெட் கிடையாது. லினக்ஸில் 'டைம்டேட்சிடிஎல் செட்-லோக்கல்-ஆர்டிசி 1' என்ற ஒரு வரி கொடுத்ததும் இரண்டும் ஒரே மணி சொல்ல ஆரம்பித்தன. அதற்குள் இரண்டு நாள் பில்லில் நேரம் தப்பாக அச்சாகிவிட்டது. என் வீட்டுக்காரர் பேனாவால் அடித்துத் திருத்திக் கொடுத்தார்.