ஆப் வச்ச ஆப்பு

குறுவை நடவு முடிஞ்சு இப்பதான் ரெண்டு நாளா கைகால நீட்டிப் படுக்கிறேன். இந்த வருஷம் ஜூன் 12-லயே மேட்டூர் திறந்துட்டாங்க. வாய்க்கால்ல தண்ணி வந்ததும் நாத்து, உழவு, ஆள் தேடுறதுன்னு ஒரே ஓட்டம். அந்த ஓட்டத்துல எழுதாம விட்ட விஷயம் ஒண்ணு இருக்கு. உண்மையைச் சொன்னா நேரம் இல்லாததும் ஒரு காரணம், வெக்கமா இருந்ததும் ஒரு காரணம். ஆனா நம்ம ஊர்லயே இன்னும் நாலஞ்சு பேர் போன்ல இதே மாதிரி ஆப் வச்சிருக்காங்கன்னு டீக்கடையில தெரிஞ்சுது. அதனால எழுதிடுறேன்.

போன வருஷம், 2024 மாசி மாசம், பையன் கோயம்புத்தூர்லேருந்து லீவுக்கு வந்திருந்தான். நான் திண்ணையில உக்காந்து நோட்டுல வரவு செலவு எழுதுறதைப் பார்த்துட்டு, "இன்னுமா அப்பா இதெல்லாம்?"ன்னு சிரிச்சான். எங்க அப்பா காலத்துலேருந்து எங்க வீட்டுல நீள நோட்டுதான். இடது பக்கம் வரவு, வலது பக்கம் பற்று, மேல பிள்ளையார் சுழி. பையன் என் போனை வாங்கி ஒரு ஆப் போட்டான். ஏதோ நம்பர் வந்துச்சு, சொன்னேன், அமுக்கினான். கால் மணி நேரத்துல என் வங்கிக் கணக்கு அப்படியே ஆப்புக்குள்ள வந்து உக்காந்துடுச்சு.

நல்லாத்தான் இருந்துச்சு, பொய் சொல்லக்கூடாது. கட்ட வேண்டியதெல்லாம் வரிசையா நிக்கும். கரண்ட் பில், கேபிள், சொசைட்டிக் கடன், இன்சூரன்ஸ். கட்டாதது சிவப்பா இருக்கும். கணக்குலேருந்து காசு போனதும் அதுவே பார்த்துப் பச்சையா மாறிக்கும். கொள்முதல் நிலையத்துல போட்ட சம்பா நெல்லுக்குக் காசு ஏறுனதை வரப்புல நின்னுக்கிட்டே பார்த்தேன். பக்கத்து வயல்காரர் பாஸ்புக்கைத் தூக்கிக்கிட்டு மூணு நாள் வங்கிக்கு நடந்தாரு. எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட வந்துச்சு. நோட்டு எழுதுறதை நிறுத்திட்டேன்.

இந்த வருஷம் சித்திரையில கரண்ட் பில் வந்துச்சு. மோட்டாருக்குத்தான் இலவசம், வீட்டுக்கு ரெண்டு மாசத்துக்கு ஒருக்க கட்டணும்ல. போன்லயே கட்டினேன், கட்டியாச்சுன்னு மின்வாரியத்துலேருந்து மெசேஜும் வந்துச்சு. ஆனா ஆப்புல மட்டும் அது சிவப்பாவே நின்னுச்சு. ஒரு வாரம் கழிச்சுப் பார்த்தேன், அப்பவும் சிவப்பு. நெட் சரியில்லைன்னு நெனச்சுக்கிட்டு விட்டுட்டேன்.

அங்கதான் நான் ஏமாந்தது. அப்பவே மேல இருக்குற பேலன்ஸைக் கொஞ்சம் உத்துப் பார்த்திருக்கணும். 6,340 ரூபாய். பங்குனி முழுக்க 6,340. சித்திரையிலயும் 6,340. நடுவுல மோட்டார் காயில் கருகி, கட்டுனதுக்கு 3,800 அனுப்பியிருக்கேன். மச்சான் வீட்டுக் காதுகுத்துக்கு மொய் வச்சிருக்கேன். உளுந்து பறிச்ச கூலியில பாதி இந்தக் கணக்குலேருந்துதான் போச்சு. அப்படியும் நம்பர் அசையலை. ரெண்டு மாசம் செலவே ஆகாத விவசாயி எந்த ஊர்ல இருக்கான்? எனக்குத் தோணலையே. ஆப்பைத் தெறந்தா கண்ணு நேரா அந்த நம்பருக்குப் போகும், 'சரி, இருக்கு'ன்னு மூடிடுவேன்.

இப்ப விஷயத்துக்கு வர்றேன்.

2015-ல மத்திய அரசு ரெண்டு இன்சூரன்ஸ் கொண்டாந்தாங்க. ஒண்ணு ஜீவன் ஜோதி. எப்படிச் செத்தாலும் குடும்பத்துக்கு ரெண்டு லட்சம். இன்னொண்ணு சுரக்ஷா, விபத்துல போனா ரெண்டு லட்சம். அப்ப வருஷத்துக்கு 330-ம் 12-ம் இருந்துச்சு, 2022-லேருந்து 436-ம் 20-ம். மே மாசக் கடைசியில வங்கிக் கணக்குலேருந்து தானா எடுத்துக்குவாங்க. ஜூன் 1-லேருந்து அடுத்த மே 31 வரைக்கும் செல்லும். நான் 43 வயசுல சேர்ந்தேன். எனக்குன்னு இருந்த ஆயுள் காப்பீடு இது ஒண்ணுதான். பெரிய பாலிசி எடுக்குற வசதி நமக்கு எப்ப இருந்துச்சு?

இது சும்மா திட்டம்னு யாரும் நெனைக்க வேணாம். மூணு வருஷத்துக்கு முன்னாடி எங்க கீழத்தெருவுல ஒருத்தர், 49 வயசு, காலையில வயலுக்குப் போனவரு வரப்புலயே சாஞ்சுட்டாரு. மாரடைப்பு. அவரு சம்சாரத்துக்கு இந்த ரெண்டு லட்சம் வந்துச்சு. அதை வச்சுத்தான் அடகுல இருந்த நகையை மீட்டு, பொண்ணைக் காலேஜுக்கு அனுப்பினாங்க. அந்த விண்ணப்பத்தை எழுதிக் கொடுத்தது நான்தான். அப்படிப்பட்ட நானே இதைக் கோட்டை விட்டேன்.

மே மாசம் 24-ஆம் தேதி வாக்குல ஆப்பைப் பார்த்தேன். 6,340 இருந்துச்சு. 436 போக தாராளமா இருக்குன்னு நிம்மதியாயிட்டேன். கணக்குல நெசமா இருந்தது 187 ரூபாய்.

ஜூலை முதல் வாரம் உரம் வாங்கப் போனவன் அப்படியே வங்கிக்குப் போய் பாஸ்புக் போட்டேன். மெஷின் கரகரன்னு மூணு பக்கம் அடிச்சுத் தள்ளுச்சு. மே மாசத்துல 20 ரூபாய் எடுத்திருக்கு. 436-ஐக் காணோம். மறுபடி மேலேருந்து விரல் வச்சுப் படிச்சேன். இல்லை.

கவுன்ட்டர்ல இருந்த பொண்ணுகிட்ட கேட்டேன். கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்துட்டு, "பேலன்ஸ் இல்லாததால எடுக்கல சார், பாலிசி நின்னு போச்சு"ன்னுச்சு.

"இப்ப கட்டிடுறேம்மா, காசு கொண்டாந்திருக்கேன்."

"உங்க வயசு என்ன சார்?"

"53."

"புதுசா சேர 50 வயசுதான் எல்லை சார். சிஸ்டம் எடுக்காது."

விடாம கட்டிக்கிட்டு வந்தவங்களுக்கு 55 வரைக்கும் உண்டு. விட்டுட்டா, 50 தாண்டினவன் புதுசா வந்தவன் கணக்குல ஆயிடுறான். மேனேஜரைப் பார்த்தேன். தன்மையாத்தான் பேசினாரு. "எழுதிக் கொடுங்க, மேல அனுப்பிப் பார்க்கிறேன்"ன்னாரு. எழுதிக் கொடுத்தேன். இதை எழுதுற வரைக்கும் பதில் இல்லை.

வீட்டுக்கு வந்து சொன்னதும் எங்க வீட்டம்மா ஒண்ணும் பேசலை. அவங்க பாஸ்புக்கை எடுத்துக் கொடுத்தாங்க. அவங்க வச்சிருக்கிறது நூறு நாள் வேலைச் சம்பளம் வர்ற தனிக் கணக்கு. அதுல ஆப்பும் இல்லை, ஒண்ணும் இல்லை. அதுல 436 ஒழுங்கா எடுத்திருக்கு, 20-ம் எடுத்திருக்கு. கொஞ்ச நேரம் கழிச்சு, "அப்ப நீங்க விபத்துல போனா காசு உண்டு, காய்ச்சல்ல போனா இல்லை, அப்படித்தானே?"ன்னாங்க. சிரிச்சுக்கிட்டேதான் கேட்டாங்க. ராத்திரி சாப்பிடுறப்பதான் கவனிச்சேன், அவங்க தட்டுல போட்ட சோறு அப்படியே இருந்துச்சு. சொசைட்டிக் கடன் என் பேர்லதான் இருக்கு.

ஞாயித்துக்கிழமை பையன்கிட்ட போன்ல சண்டை போட்டேன். பாவம், அவன் என்ன பண்ணுவான். பொறுமையா விளக்கினான், அப்பதான் எனக்குப் புரிஞ்சுது. இந்த ஆப் நேரா வங்கிக்குள்ள போய்ப் பார்க்கிறது இல்லையாம். நடுவுல 'அக்கவுன்ட் அக்ரிகேட்டர்'னு ஒரு வகைக் கம்பெனி இருக்கு, ரிசர்வ் வங்கி லைசென்ஸ் கொடுத்தது. நம்ம தபால்காரர் மாதிரி. வங்கியிலேருந்து கவரை வாங்கிட்டு வந்து ஆப்புகிட்ட கொடுக்கும், பிரிச்சுப் படிக்காது. ஆனா கவரை எடுக்கணும்னா நம்ம சம்மதம் வேணும். அந்தச் சம்மதத்துக்கு ஒரு கெடு உண்டு. 2024 மாசியில பையன் அமுக்கினது ஒரு வருஷத்துக்கான சம்மதம். இந்த மாசியோட கெடு முடிஞ்சுது, தபால்காரர் வர்றது நின்னு போச்சு. கடைசியா வந்த கவர்ல இருந்த நம்பரைத்தான் நான் ரெண்டு மூணு மாசமா பார்த்துக்கிட்டு இருந்திருக்கேன். பில்லு பச்சையா மாறாததும் அதனாலதான்.

கெடு முடியப்போகுதுன்னு ஆப் சொல்லலையான்னு கேட்டேன். சொல்லியிருக்கும்னான். போன்ல ஒரு நாளைக்கு நாப்பது அறிவிப்பு வருது, பாதி கடன் வேணுமான்னு கேட்குறது. அதுங்களோட சேர்த்து இதையும் தள்ளி விட்டிருப்பேன். பேலன்ஸுக்குக் கீழ எந்தத் தேதி நிலவரம்னு போட்டிருக்குன்னும் சொன்னான். கண்ணாடி போட்டுத் தேடினேன். இருக்கு. எறும்பு ஊர்ற மாதிரி சாம்பல் கலர்ல, இங்கிலீஷ்ல. பழைய நம்பரை அவ்வளவு பெருசா காட்டத் தெரிஞ்சவங்களுக்கு, இது பழசுன்னு அதே அளவுல ஒரு வரி போட்டா என்ன குறைஞ்சு போகும்? ஊறல் கண்ட நெல்லை மேல ஒரு அடுக்கு நல்ல நெல்லு போட்டு மூடிக் காட்டுறதுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்னு எனக்குத் தெரியலை.

பையன் திரும்ப இணைக்கச் சொன்னான். இந்த தடவை நானே அமுக்கினேன், ஒவ்வொரு வரியா அவனைப் படிச்சுச் சொல்லச் சொல்லி. என்ன விவரம் எடுப்பாங்க, எதுக்கு, எத்தனை தடவை, எந்தத் தேதி வரைக்கும், எல்லாம் அதுல இருக்கு. வேணாம்னா நடுவுல நாமளே ரத்து பண்ணிக்கலாம்னும் இருக்கு. நீங்க யாராவது இந்த மாதிரி ஆப் வச்சிருந்தா, இன்னைக்கே தெறந்து உங்க கெடு என்னைக்குன்னு பாருங்க. 50 வயசு தாண்டினவங்க முதல்ல பாஸ்புக்கைப் போட்டு 436 இருக்கான்னு பாருங்க.

நீள நோட்டையும் பரண்லேருந்து எடுத்துட்டேன். ஒரு மூலையை எலி கடிச்சிருக்கு, மத்தபடி நல்லா இருக்கு. எங்க வீட்டம்மாவுக்கு நோட்டு மேலயும் நம்பிக்கை இல்லை. அடுப்படிச் சுவத்துல தொங்குற மாசக் காலண்டர்ல பால் கணக்கு, சிலிண்டர் மாத்துன தேதி எல்லாம் எழுதுவாங்க. அதுல டிசம்பர் தாளைத் தூக்கி, பின்னாடி 'அடுத்த மே 20, பேங்க்ல காசு' அப்படின்னு பென்சில்ல எழுதியிருக்காங்க. யாருக்குன்னு கேட்டேன். "எனக்குத்தான். உங்களுக்கு மேனேஜர் பதில் சொன்னதும் எழுதிக்கலாம்"ன்னாங்க. பக்கத்துல கொஞ்சம் இடம் விட்டுத்தான் எழுதியிருக்காங்க.