ஃப்ரீமாண்ட் தெருவுக்கு வராத சாம்பியன்

லாஸ் வேகஸ் என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது ஈஃபில் கோபுரத்தின் நகலும் ஆடும் நீரூற்றுகளும் நிற்கும் ஸ்டிரிப் சாலைதான். போக்கர் ஆடுகிறவர்களுக்கோ காசி, ராமேஸ்வரம் எல்லாம் அதற்கு வடக்கே, நகரின் பழைய பகுதியில் உள்ள ஃப்ரீமாண்ட் தெரு. கல்யாணப் பந்தல் மாதிரி தெருவின் குறுக்கே வளைந்த கூரை போட்டு, லட்சக்கணக்கான விளக்குகளைப் பதித்தது 1995ல். அதன் கீழேதான் இருக்கிறது பினியன்ஸ் சூதாட்டக் கூடம்.

டெக்சாஸிலிருந்து வந்த பென்னி பினியன் 1970ல் தனக்குத் தெரிந்த ஆட்டக்காரர்களை இங்கே அழைத்தார். அதுதான் உலகப் போக்கர் தொடரின் ஆரம்பம். முதல் சாம்பியன் ஜானி மாஸைத் தேர்ந்தெடுத்தது சக ஆட்டக்காரர்களின் ஓட்டு! அடுத்த ஆண்டுதான் கடைசிவரை மிஞ்சுகிறவரே ஜெயித்தவர் என்ற முறை வந்தது. 1972ல் நிர்ணயித்த 10,000 டாலர் நுழைவுக் கட்டணம் மட்டும் இன்றுவரை ஏறவில்லை.

தொடர் இப்போது இந்தத் தெருவில் இல்லை. 2005ல் ரியோ ஹோட்டலுக்குப் போனது. 2022ல் ஸ்டிரிப்புக்கே போய்விட்டது. 2003ல் கிறிஸ் மணிமேக்கர் என்ற டென்னசி கணக்காளர் (பெயர் நிஜமாகவே அதுதான்) 86 டாலர் கட்டி இணையத்தில் தகுதிச் சுற்றில் ஜெயித்து, நேரில் வந்து 25 லட்சம் டாலரை அள்ளிப் போனதிலிருந்து கூட்டம் தாங்கவில்லை. 2023ல் பிரதான ஆட்டத்துக்கு வந்தவர்கள் 10,043 பேர்.

வர முடியாதவர்கள் அதைவிடப் பல மடங்கு. 2020ல் கொரோனாவால் லாஸ் வேகஸில் வழக்கமான தொடர் நடக்கவில்லை. 2021ல் வெளிநாட்டினருக்கு அமெரிக்கா கதவைத் திறந்தது நவம்பர் 8ல். பிரதான ஆட்டமோ அதற்கு முன்பே தொடங்கிவிட்டது. விமானத்திலிருந்து இறங்கி ஓடி வருபவர்களுக்காகவே துவக்க நாட்களைக் கூட்டினார்கள். எட்டு லட்சம் ரூபாய்க்கு மேல் நுழைவுக் கட்டணம், விசா, விமான டிக்கெட் என்று கணக்குப் பார்த்துக் கொல்கத்தாவிலும் கோவாவிலும் தங்கிவிடுகிற ஆட்டக்காரர்களுக்குத் தூக்கம்தான் கட்டணம். அங்கே பகல் 12 மணி என்றால் இங்கே நள்ளிரவு 12.30. கவிழ்த்த சீட்டுகளையும் காட்டுவதால் ஒளிபரப்பு வேண்டுமென்றே தாமதமாகத்தான் வரும். அவர் தோற்பாரோ என்று இங்கே நகம் கடிக்கும்போது, அவர் அங்கே தோற்று எழுந்து போயிருப்பார்.

ஆனாலும் ஃப்ரீமாண்ட் தெருவின் பெரிய கதை, தூரத்தில் இருந்ததால் வராமல் போனவரின் கதை அல்ல.

ஸ்டூ அங்கர் நியூயார்க்கில் 1953ல் பிறந்தவர். நம் ரம்மிக்கு ஒன்றுவிட்ட உறவான ஜின் ரம்மியில் அவரோடு உட்கார ஆளே கிடைக்காமல் போனதால் போக்கருக்கு வந்தார். 1980, 1981 என அடுத்தடுத்து உலக சாம்பியன். பிறகு போதை.

1990 தொடரின் மூன்றாம் நாள் அவர் நாற்காலி காலி. ஹோட்டல் அறைத் தரையில் நினைவில்லாமல் கிடந்தார். போக்கரில் ஆள் வராவிட்டால் ஆட்டம் நிற்காது. அவர் இடத்துக்கும் சீட்டு விழும். முறை வரும்போதெல்லாம் சீட்டுப் போடுபவர் கட்டாயப் பந்தயத்தை அவர் குவியலிலிருந்து எடுத்து நடுவில் வைப்பார். முதல் இரண்டு நாளில் சேர்த்த சிப்புகள், மழையில் நனைந்த உப்பு மூட்டை மாதிரி கரைந்துகொண்டே வந்தன. அப்படியும் ஒன்பதாவது இடம். 25,050 டாலர் பரிசு. ஆட்டக்காரர் எத்தனை கெட்டிக்காரர் என்பதற்கு அவர் ஜெயித்த ஆட்டங்களைவிட இந்தக் காலி நாற்காலியே நல்ல சாட்சி.

1997ல் நண்பர் பில்லி பாக்ஸ்டர் கடைசி நேரத்தில் கட்டணத்தைக் கட்டினார். இறுதி ஆட்டம் அந்த ஆண்டு கூடத்துக்கு வெளியே, புதுக் கூரையின் கீழ் தெருவிலேயே நடந்தது. போதையால் சிதைந்த மூக்கை மறைக்க வட்டமான நீலக் கண்ணாடி அணிந்து வந்த அங்கர், 312 பேரில் மிஞ்சிய ஒருவரானார். பதினாறு ஆண்டுகளுக்குப் பின் மூன்றாவது பட்டம். பத்து லட்சம் டாலரில் பாதி பாக்ஸ்டருக்கு. மறுபாதி சில மாதங்களில் போதையிலும் பந்தயத்திலும் போய்விட்டது.

அடுத்த ஆண்டு மே மாதமும் பாக்ஸ்டர் பணத்தோடு தயார். தொடங்கப் பத்து நிமிடம் இருக்கும்போது, களைப்பாக இருக்கிறது, ஆட மனமில்லை என்று சொல்லிவிட்டார் நடப்புச் சாம்பியன். பின்னர் அவரே சொன்ன காரணம் வேறு: இந்த உடம்போடு போய் நிற்பது, போகாமல் இருப்பதைவிடக் கேவலம்.

அவர் இல்லாமலே 350 பேர் ஆடினார்கள். வியட்நாமிலிருந்து அகதியாக வந்த ஸ்காட்டி நுயென் ஜெயித்தார். கவிழ்த்த சீட்டைக் காட்டும் கேமரா அப்போது இந்தத் தொடருக்கு வரவில்லை. கயிற்றுக்கு வெளியே நின்றவர்களுக்கே பாதி ஆட்டம் ஊகம்தான்.

அந்த நவம்பர் 22ல், லாஸ் வேகஸ் புலவார் சாலையில் ஒரு மலிவான மோட்டல் அறையில் அங்கர் இறந்து கிடந்தார். வயது 45. கையிலிருந்தது சுமார் 800 டாலர். ஸ்ட்ராட்டோஸ்பியர் கோபுரத்தைக் கட்டிய பாப் ஸ்டூபக், இறுதிச் சடங்குக்கு வந்தவர்களிடம் அந்தச் செலவுக்குப் பணம் வசூலித்தார்.